பெருநகரம் போகும் வணிகர் எங்கே தங்குவது?



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் இளம் உறுப்பினர் ஒருவர் என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, அடுத்த வாரம் குடும்பத்தோடு சென்னைக்குப் போகிறேன். கொள்முதல் வேலையும் இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஊரும் காட்ட வேண்டும். போனில் 'பூட்டிக் ஓட்டல்' என்று போட்டு அழகழகாகப் படம் வருகிறது. நீங்கள் இத்தனை வருடமாகப் போய் வருகிறீர்களே, எதில் தங்கலாம்?" என்று கேட்டார். இரண்டு வார்த்தையில் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் அன்று வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி மனதில் நின்றது. அதற்குக் காரணம் உண்டு; பின்னால் சொல்கிறேன்.

கொள்முதலில்தான் லாபம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சரக்கு விலையில் ஐந்து பைசாவுக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறோம். ஆனால் அதே பயணத்தில் தங்கும் இடத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறோம். விடுதி வாடகையும் கொள்முதல் செலவுதான். அதைவிட முக்கியம், அந்த இடத்தில்தான் நாமும் நம் குடும்பமும் இரவில் கண்ணை மூடித் தூங்குகிறோம். ஆகவே சரக்கைப் பார்ப்பதுபோல் விடுதியையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் சாரம்.

அந்த நாள் சென்னை

நான் பள்ளிப் படிப்பை முடித்துக் கடைக்கு வந்தது 1979இல். எங்களுடையது காகிதம், நோட்டுப் புத்தகம் மொத்த வியாபாரம். பள்ளி திறக்கும் முன் ஏப்ரல், மே மாதங்களில் சென்னைக்கு இரண்டு மூன்று நடை போக வேண்டும். அப்போது பாண்டியன் எக்ஸ்பிரஸ் மீட்டர்கேஜ் வண்டி. இரவு ஏறினால் காலையில் எழும்பூர். அங்கிருந்து நேரே மண்ணடிப் பக்கம் ஒரு லாட்ஜ். அப்பா ஒரு நாளும் வேறு இடத்தில் தங்கியதில்லை. ஆண்டர்சன் தெருவும் பந்தர் தெருவும் நடக்கும் தூரம். குளித்துவிட்டுக் கடை திறக்கும் நேரத்துக்கு முதல் ஆளாய்ப் போய் நிற்பார். "முதல் போணிக்கு விலை குறைப்பான்டா, பத்து மணிக்கு மேல் போனால் நீ நூறில் ஒருவன்" என்பார்.

வணிகர்கள் தங்க இடம் கொடுப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சத்திரம் போய் லாட்ஜ் வந்தது. லாட்ஜுக்குப் பக்கத்தில் நட்சத்திர ஓட்டல் வந்தது. இப்போது பூட்டிக் ஓட்டல்.

பூட்டிக் ஓட்டல் என்றால் என்ன?

பெயரைக் கண்டு மிரள வேண்டாம். 'பூட்டிக்' என்பது பிரெஞ்சுச் சொல். சிறு கடை என்றுதான் பொருள். அதற்கும் மூலம், கிடங்கைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல். ஆக, நம்முடைய குடோன்தான் சுற்றிச் சுற்றி வந்து ஓட்டலுக்குப் பெயராகியிருக்கிறது! இலங்கையில் வெள்ளைக்காரன் காலத்து ஆங்கிலத்தில் தெருமுனைப் பெட்டிக்கடையையே பூட்டிக் என்றுதான் எழுதினார்கள்.

ஓட்டலுக்கு இந்தப் பெயர் பரவியது 1980களில். நியூயார்க்கில் 1984இல் மார்கன்ஸ் என்ற சிறிய ஓட்டலைத் திறந்த இருவரில் ஒருவரான ஸ்டீவ் ரூபெல், மற்ற பெரிய ஓட்டல்களைப் பல்பொருள் அங்காடிக்கும் தம்முடையதைச் சிறு கடைக்கும் ஒப்பிட்டுப் பேசியதாகச் சொல்வார்கள். கடைக்காரர்களாகிய நமக்கு இந்த ஒப்புமை உடனே விளங்கும். பெரிய அங்காடியில் எல்லாம் கிடைக்கும், ஆனால் உங்களை யாருக்கும் தெரியாது. சிறு கடையில் பத்துச் சரக்குதான் இருக்கும், ஆனால் முதலாளி கல்லாவில் இருப்பார், உங்கள் தேவை அவருக்குத் தெரியும். அறை குறைவு, அழகு அதிகம், ஆளைப் பார்த்துக் கவனிப்பு. இதுதான் பூட்டிக் ஓட்டலின் இலக்கணம்.

நம் பக்கத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. கோச்சடையில் மில் அதிகாரிகளின் கிளப்பாக இருந்த கட்டடத்தை, இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களில் வடிவமைத்தார். அதுதான் பின்னாளில் ஹெரிடேஜ் மதுரை ஓட்டலாயிற்று. காரைக்குடிப் பக்கம் போனால் செட்டிநாட்டு வீடுகள் சில இதே முறையில் விடுதிகளாகியிருக்கின்றன.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மத்திய சுற்றுலா அமைச்சகம் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறது. 1950க்கு முன் கட்டிய மாளிகைகளுக்குப் பாரம்பரிய ஓட்டல் என்ற தனி வகை இருக்கிறது. இந்த நட்சத்திர வரிசையில் 'பூட்டிக்' என்று ஒரு படி கிடையாது. வர்ணம் அடித்து, சுவரில் நான்கு படம் மாட்டி, யார் வேண்டுமானாலும் பலகையில் அந்தப் பெயரை எழுதிக்கொள்ளலாம். அக்மார்க் முத்திரை இல்லாத நெய்யை நாம் எப்படி வாங்குவோம்? உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்துத்தானே? அதே சோதனை இங்கும் வேண்டும்.

முதலில் வேலை எங்கே என்று பாருங்கள்

விடுதி தேடும்போது பலரும் படத்தையும் வாடகையையும் முதலில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் வேலை எந்தத் தெருவில் என்பதை.

ஜவுளிக்குக் கோடவுன் தெரு, காகிதத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் ஆண்டர்சன் தெரு, எழுதுபொருளுக்குப் பந்தர் தெரு, மின்னணுச் சாமானுக்கு ரிச்சி தெரு, தோலுக்குப் பெரியமேடு என்று சரக்குக்கு ஒரு தெரு. இவற்றில் வேலை இருப்பவர் பாரிமுனை, மண்ணடி, எழும்பூர், சென்ட்ரல் வட்டாரத்தில் தங்குவதே நல்லது. காய்கறி, பழம், பூ வியாபாரிகளுக்கு ஒரு காலத்தில் கொத்தவால்சாவடி பாரிமுனைக்கு அருகிலேயே இருந்தது. 1996இல் அந்தச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. அவர்கள் தங்குமிடமும் கூடவே மாறியது. குடும்பத்துடன் கல்யாண ஜவுளி எடுக்கப் போகிறவர் தியாகராய நகரில் தங்கினால் பை தூக்கும் சுமை குறையும்.

பேருந்தில் போகிறவர்கள் கணக்கு இன்னும் மாறிவிட்டது. நான் வியாபாரத்துக்கு வந்த காலத்தில் மதுரை எக்ஸ்பிரஸ் பஸ் பாரிமுனையிலேயே இறக்கிவிடும். 2002இல் கோயம்பேடு நிலையம் வந்தது. 2023 டிசம்பர் 30இல் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் திறந்தார்கள். தென் மாவட்டப் பேருந்துகள் பெரும்பாலும் இப்போது அங்கேதான் நிற்கின்றன. அங்கிருந்து பாரிமுனை 30 கிலோமீட்டருக்கு மேல். பழைய நினைப்பில் விடிகாலையில் இறங்கி ஆட்டோ பிடித்தால், பஸ் டிக்கெட்டில் பாதி அதற்கே போய்விடும். பாரிமுனையில் வேலை இருப்பவருக்கு ரயிலே மேல். தாம்பரத்தில் இறங்கினாலும் கடற்கரை போகும் மின்சார ரயில் உண்டு. அது மாம்பலம், எழும்பூர், பூங்கா நிலையங்கள் வழியாகப் போய்ப் பாரிமுனை அருகிலேயே விட்டுவிடும்.

மெட்ரோ ரயிலும் நமக்கு உதவியாக வந்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை பாதை திறந்த பிறகு, உயர் நீதிமன்றம், மண்ணடி இரண்டு இடத்திலும் நிலையம் இருக்கிறது. எழும்பூரில் ஏறி சென்ட்ரலில் மாறினால் சந்தைக்குள்ளேயே போய் இறங்கலாம். ஆகவே இன்று பாரிமுனை நெரிசலில்தான் தங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள நல்ல விடுதி எதுவானாலும் சரி. பையோடு பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டியிருந்தால் அது சந்தைக்குப் பக்கம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

24 மணியா, பகல் 12 மணியா?

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பழைய லாட்ஜுகளில் நீங்கள் அறை எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். பூட்டிக் ஓட்டல், நட்சத்திர ஓட்டல்களில் பெரும்பாலும் பகல் 12 மணிக்கோ பிற்பகல் 2 மணிக்கோதான் நாள் தொடங்கும். நாமோ பாண்டியனில் ஏறி விடிகாலையில் போய் இறங்குகிறவர்கள்!

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். காலை 6 மணிக்கு இறங்கி, வேலையை முடித்து, அன்று இரவே வண்டி ஏறுகிறவர் ஒருவர். 24 மணிக் கணக்குள்ள சந்தைப் பக்க லாட்ஜில் வாடகை 2,000 ரூபாய்; ஒரு நாள்தான். தள்ளியிருக்கும் ஓட்டலில் வாடகை 1,600 ரூபாய். 400 ரூபாய் மலிவு என்று தோன்றும். ஆனால் காலை 6 மணிக்கே அறை வேண்டுமென்றால் முந்தின நாள் வாடகையும் சேர்த்து 3,200 ஆகும். ஐந்து சதவீத வரியோடு லாட்ஜ் 2,100, ஓட்டல் 3,360. லாட்ஜிலிருந்து சந்தைக்கு ஆட்டோ செலவு 150, ஓட்டலிலிருந்து போக வர 700 என்று வையுங்கள். மொத்தம் 2,250, 4,060. மலிவு என்று எடுத்தது 1,810 ரூபாய் அதிகம் வாங்கிவிட்டது.

வைகையில் போகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. 1977 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய அந்தப் பகல் வண்டி, பிற்பகலில் போய்ச் சேருகிறது. 2019 மார்ச்சில் வந்த தேஜஸ் இரவில் சேருகிறது. வண்டியை ஒட்டி விடுதியைத் தேர்ந்தெடுங்கள். அல்லது விடுதியை ஒட்டி வண்டியைத் தேர்ந்தெடுங்கள். குளித்து உடை மாற்ற மட்டும் இடம் வேண்டுமென்றால் ரயில் நிலைய ஓய்வறையை நினைவில் வையுங்கள். உறுதியான பயணச்சீட்டு இருந்தால் இணையத்தில் முன்பதிவு செய்யலாம்.

வரியும் பில்லும்

2025 செப்டம்பர் 22 முதல், நாள் ஒன்றுக்கு 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன் 12 சதவீதம்.  முன்பு வியாபார நிமித்தம் சென்னையில் தங்கினால், நம் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து அந்த 12 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடிந்தது. இப்போதைய 5 சதவீதத்தில் வரவு கிடையாது என்ற நிபந்தனை விடுதிக்காரருக்குத்தான்; வியாபார நிமித்தம் தங்கும் நமக்கு அல்ல. 7,500க்கு மேற்பட்ட அறைக்கு 18 சதவீதம். அதில் வரவு உண்டு. ஆனால் வரியைத் திரும்ப எடுக்கலாம் என்பதற்காக யாரும் அந்த வாடகை கொடுக்கப் போவதில்லை. பெங்களூருவிலோ மும்பையிலோ தங்கினால், விடுதி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில வரியாகத்தான் அது கணக்காகும். தமிழ்நாட்டில் மட்டும் பதிவு செய்த நமக்கு அங்கே கொடுத்த வரி அன்றும் திரும்பவில்லை, இன்றும் திரும்பாது.

பில் வாங்காமல் வராதீர்கள். வருமான வரிக் கணக்கில் பயணச் செலவாகக் காட்டவும் அது வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை ஏற்கமாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு விடுதி உங்களிடம் நேரடியாக வரி வாங்கக் கூடாது. அதே விடுதியைச் செயலி மூலம் பதிவு செய்தால், செயலி நிறுவனம் வரி சேர்க்கும். அதனால்தான் நேரில் ஒரு விலையும் போனில் ஒரு விலையும் இருப்பதுண்டு.

சாப்பாட்டு பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தாமாகச் சேர்த்திருந்தால், எடுத்துவிடச் சொல்லலாம். அதைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்திருக்கிறது.

எனக்கு நேர்ந்தது

இனி, அந்தத் தம்பியின் கேள்வி ஏன் மனதில் நின்றது என்பதைச் சொல்கிறேன்.

2023 பிப்ரவரியில் நானும் என் மனைவியும் சென்னை போனோம். அவளுக்கு முழங்கால் வைத்தியம், எனக்கு இரண்டு நாள் கொள்முதல். "எத்தனை நாளைக்குப்பா அந்தப் பழைய லாட்ஜ், அம்மாவும் வருகிறார்கள், நல்ல இடமாகப் போடுகிறேன்" என்று என் மகன் போனிலேயே ஒரு பூட்டிக் ஓட்டலைப் பதிவு செய்தான். பழைய வீட்டைப் புதுப்பித்தது. படத்தில் பார்த்தபடியே இருந்தது, குறை சொல்ல முடியாது. ஆத்தங்குடிக் கல் தரை, மரத்தூண், பித்தளை உருளி நிறையப் பூ. அறை மட்டும் மூன்றாவது மாடி. லிப்ட் இல்லை; படிக்கட்டு ஒன்றுதான், மரப்படி. என் மனைவி ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள். அறைக்குள் அழகான திரை இருந்தது. விலக்கிப் பார்த்தேன், பின்னால் ஜன்னலை அடைத்துப் பலகை அடித்திருந்தார்கள். ஏ.சி. குளிர் வெளியே போகாதாம்.

அப்போதே கீழே இறங்கியிருக்க வேண்டும். முன்பணம் கட்டியாயிற்றே, ஒரு ராத்திரிதானே என்று இருந்துவிட்டேன்.

இரவு இரண்டு மணி இருக்கும். மின்சாரம் போயிற்று. வயர் கருகும் நாற்றம். கதவைத் திறந்தால் நடைவழி முழுக்கப் புகை. சுவர் ஓரத்து மின்பெட்டியில் பொறி தெரிந்தது. என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில், அந்த மரப்படியில் இறங்கினோம். பக்கத்து அறைப் பையன்கள் இருவர் இல்லையென்றால் அவளை இறக்கியிருக்க முடியாது. கீழே வந்தால் வாசல் இரும்புக் கதவு பூட்டு. சாவி வைத்திருந்த பையனைக் காணவில்லை. அவன் டீ குடிக்கப் போனவன் திரும்பி வரக் கால்மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால்மணி நேரம் பதினோரு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. என் சட்டையை மட்டும் பிடித்திருந்தாள்.

தெய்வாதீனமாகப் பொறி அதுவாகவே அணைந்தது. யாருக்கும் எதுவும் இல்லை. காலையில் மேனேஜர் வந்து மன்னிப்புக் கேட்டு, இரண்டு பேருக்கும் டிபன் இலவசம் என்றார்.

இதை நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. ஆனால் 2025 ஏப்ரல் 29இல் கொல்கத்தாவில், நம் பாரிமுனைபோல் மொத்த வியாபாரம் நடக்கும் படாபஜார் பகுதியில், ஒரு விடுதி தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். அவர்களில் மூவர் நம் கரூர் மாவட்டத்துக்காரர்கள். ஒரு பெரியவரும் இரண்டு குழந்தைகளும். இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை. அதற்கு முன் 2019 பிப்ரவரி 12 விடியற்காலையில் டெல்லி கரோல்பாக்கில் ஒரு ஓட்டல் எரிந்து 17 பேர் இறந்தார்கள். கரோல்பாக்கும் சந்தைப் பகுதிதான். இரண்டு செய்தியையும் படித்தபோது எனக்கு அந்த இரும்புக் கதவுதான் கண்முன் வந்தது.

கையெழுத்துப் போடும் முன்

ஆகவே அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன் "அறையைப் பார்க்க வேண்டும்" என்று சொல்லி மேலே போய் வருகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பார்க்க வேண்டியவை இவை:

1. படிக்கட்டு எத்தனை? இரண்டாவது வழி இருந்தால் அதில் அட்டைப்பெட்டியும் பழைய மெத்தையும் அடுக்கியிருக்கிறார்களா? பூட்டியிருக்கிறதா?

2. அறையில் ஜன்னல் இருக்கிறதா, அது திறக்கிறதா? கையால் திறந்து பாருங்கள். திறக்காத ஜன்னல் ஜன்னல் இல்லை.

3. இரவில் வாசல் கதவைப் பூட்டுவார்களா? சாவி யாரிடம், அவர் எங்கே படுப்பார்?

4. தீயணைப்பு உருளை மாட்டியிருந்தால் அதில் ஒட்டியுள்ள தேதியைப் பாருங்கள். காலாவதிச் சரக்கை நாம் கடையில் வைப்போமா?

5. வயதானவர், முழங்கால் வலிக்காரர், குழந்தை உடன் இருந்தால் முதல் மாடிக்கு மேல் வேண்டாம். லிப்ட் இருந்தாலும் தீ விபத்தில் அதில் ஏறக் கூடாது. படியில்தான் இறங்க வேண்டும்.

6. படுக்கும் முன் அறையிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவு என்று எண்ணி வையுங்கள். புகையில் கண் தெரியாது. கை தடவிப் போகலாம். புகை மேலே நிற்கும், ஆகவே குனிந்தோ தவழ்ந்தோ போங்கள். ஈரத் துணியால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு எண் 112.

இதையெல்லாம் கேட்டால் ஓட்டல்காரர் கோபிப்பாரே என்று கூச்சப்பட வேண்டாம். மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்க்காமல் யாராவது அரிசி வாங்குகிறோமா? நல்ல சரக்கு வைத்திருப்பவன் கோபிக்க மாட்டான். தானே மூட்டையைப் பிரித்துக் காட்டுவான். நல்ல ஓட்டல்காரரும் அப்படித்தான்.

பதிவு செய்யும்போது கவனிக்க

செயலியில் பார்த்தாலும், பணம் கட்டும் முன் அந்த விடுதிக்கே ஒரு போன் போடுங்கள். எத்தனை மணிக்கு அறை கிடைக்கும், ரத்து செய்தால் பணம் திரும்புமா, லிப்ட் உண்டா, சரக்குப் பார்சலை ஒரு நாள் கீழே வைத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். போனை எடுக்கும் குரலிலேயே பாதி தெரிந்துவிடும். 'ரத்து செய்தால் பணம் திரும்பாது' என்ற மலிவு விலையை வியாபாரி எடுக்கக் கூடாது. நம் பயணம் லாரி வரவையும் பார்ட்டி பணம் வருவதையும் பொறுத்தது, நாள் மாறும்.

அடையாளத்துக்கு ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுக்கலாம். இணையத்தில் நாமே எடுத்துக்கொள்ள முடியும்.

காரில் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. 'வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்' என்று பலகை வைத்துவிட்டால் ஓட்டலுக்குப் பொறுப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். டெல்லி ஓட்டல் ஒன்றில் 1998இல் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருடு போன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஓட்டல்தான் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. சாவி கொடுத்தால் சீட்டு வாங்குங்கள்; சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

அழகு வேண்டாம் என்பதல்ல

இதைப் படித்துவிட்டு, பூட்டிக் ஓட்டலே கூடாது என்கிறார் பெரியவர் என்று நினைத்துவிடாதீர்கள். வருடம் முழுவதும் கடையிலேயே நிற்கிற நம் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நல்ல இடத்தில் இரண்டு நாள் தங்கும் ஆசை இருக்காதா? கொள்முதல் நாளில் சந்தைப் பக்கம், குடும்பத்தோடு சுற்றும் நாளில் பார்த்துத் தேர்ந்த நல்ல சிறு ஓட்டல் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் நடக்கும்.

ஆனால் சிறு ஓட்டலின் மேன்மை உருளியிலும் பூவிலும் இல்லை. அது எதில் இருக்கிறது என்பதற்கும் என் அனுபவம் ஒன்று உண்டு. 2009இல் அதே மண்ணடிப் பக்க லாட்ஜில் தனியாகத் தங்கியிருந்தேன். நடுராத்திரி நெஞ்சு அடைத்தது. மணியை அடித்ததும் இரவு டியூட்டி பார்த்த பெரியவர் ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. தெருமுனை ஆட்டோக்காரரை எழுப்பி, என்னைத் தூக்கி வைத்து, சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனைக்குக் கொண்டு போனார். அப்பா காலத்தில் எழுதி வைத்த எங்கள் வீட்டு எண்ணைப் பழைய பதிவேட்டில் தேடி எடுத்து மதுரைக்குப் போன் செய்தார். விடியும்வரை வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். இரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். நேரத்துக்கு வந்ததால் பிழைத்தேன். அந்த லாட்ஜில் சுவர் காரை பெயர்ந்திருக்கும், பாத்ரூம் குழாய் சொட்டும். ஆனால் ஆளைத் தெரிந்த ஆள் அங்கே விழித்திருந்தார். நியூயார்க்காரர் சொன்ன சிறு கடை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. லாட்ஜும் கைமாறிவிட்டது. நானும் இப்போது மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் வேறொரு சிறு ஓட்டலில் தங்குகிறேன். இருபதுக்குள் அறை, லிப்ட் உண்டு, இரண்டு படிக்கட்டு உண்டு, உரிமையாளர் அங்கேயே குடியிருக்கிறார். முதல் முறை ஜன்னலைத் திறந்து பார்த்தபோது அவர் சிரித்துக்கொண்டே, "இதைப் பார்க்கிற ஆள் நீங்கள்தான் சார்" என்றார். அடுத்த முறை போனபோது என் மனைவிக்கு முதல் மாடி அறையைக் கேட்காமலே ஒதுக்கி வைத்திருந்தார்.

கேள்வி கேட்ட தம்பிக்கும், அவரைப்போல் வெளியூர் போகும் எல்லோருக்கும் நான் சொல்வது இவ்வளவுதான். வேலை நடக்கும் தெருவைப் பாருங்கள், வண்டி சேரும் நேரத்தைப் பாருங்கள், முழுச் செலவையும் கூட்டிப் பாருங்கள், படியையும் ஜன்னலையும் கண்ணால் பாருங்கள், இரவில் விழித்திருப்பவர் யார் என்று கேளுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால், பலகையில் பூட்டிக் என்று இருந்தாலும் லாட்ஜ் என்று இருந்தாலும் தைரியமாகப் பெட்டியை வையுங்கள். சரியில்லை என்றால், முன்பணம் போனாலும் போகட்டும் என்று திரும்பி நடந்துவிடுங்கள். போன பணத்தை ஒரு வியாபாரத்தில் எடுத்துவிடலாம்.